சூடா இருந்தா மட்டும் ஸ்டார்ட் ஆகாத பழைய இன்ஜெக்‌ஷன் கார்: அடிக்கடி கேக்குற கேள்விகள்

என்கிட்ட 2002 மாடல் பெட்ரோல் கார் ஒண்ணு இருக்கு, கம்பெனி பேரு வேணாம், எம்.பி.எஃப்.ஐ இன்ஜின் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் பெட்ரோல பீச்சுற டைப்), அவ்ளோதான். நான் மெக்கானிக் இல்ல, சென்னைல கிண்டி பக்கம் ஒரு ஆபீஸ்ல கணக்கு எழுதுற ஆளு. ஆனா இந்த ஒரு வியாதியோட எட்டு மாசம் குடித்தனம் நடத்தினதுல எங்க அபார்ட்மெண்ட்ல, சொந்தக்காரங்கள்ல யாருக்கு இதே பிரச்சனை வந்தாலும் எனக்குத்தான் போன் வருது. ஒவ்வொருத்தர்கிட்டயும் திரும்பத் திரும்ப அதையே சொல்லி வாய் வலிக்குது, அதான் எழுதியே வெச்சிட்டேன்.

காலைல சாவி போட்டதும் பிடிக்குது. கடைக்குப் போயிட்டு அரை மணி கழிச்சு வந்தா செல்ஃப் சுத்திக்கிட்டே இருக்கு, பிடிக்க மாட்டேங்குது. ஏன்?

வண்டி ஓடுறப்போ ரேடியேட்டர் தண்ணி சுத்துது, ஃபேன் ஓடுது, முன்னாடி காத்து அடிக்குது, டேங்க்ல இருந்து புது பெட்ரோல் வந்துக்கிட்டே இருக்கு. சாவிய ஆஃப் பண்ண அந்த நிமிஷம் இது எல்லாம் ஒண்ணா நின்னு போயிடும், ஆனா இன்ஜின் இரும்புல இருக்கிற சூடு எங்கயும் போகாது, மெதுவா மேல ஏறி பானெட்டுக்கு அடியில இருக்கிற எல்லாத்தையும் வேக வைக்கும். அதனால ஆஃப் பண்ண உடனே இருக்கிற சூட்ட விட 20, 30 நிமிஷம் கழிச்சுத்தான் இன்ஜெக்டர், ஃபியூல் ரெயில் (இன்ஜெக்டருங்களுக்கு பெட்ரோல் பிரிச்சுக் குடுக்கிற குழாய்), சென்சார் எல்லாம் ஜாஸ்தி சூடா இருக்கும். அப்புறம் மெதுவா ஆறும். அதனாலதான் டீ குடிச்சிட்டு 5 நிமிஷத்துல வந்தா பிடிக்குது, சினிமா பாத்துட்டு 3 மணி நேரம் கழிச்சு வந்தாலும் பிடிக்குது, நடுவுல வந்தா மட்டும் படுத்துது. நம்ம ஊர் வெயில் வேற, 2003 மே 31ஆம் தேதி நுங்கம்பாக்கத்துல 45 டிகிரி அடிச்ச ஊரு இது, கத்திரி வெயில்ல தார் ரோட்டு மேல நிறுத்தின வண்டி எப்படி ஆறும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

அப்ப இது அந்தக் கால அம்பாசடர்ல வர்ற வேப்பர் லாக் தானே? எங்கப்பா ஈரத்துணி சுத்துவாரு.

பாதி சரி. அம்பாசடர், பத்மினி ரெண்டுலயும் பெட்ரோல் பம்ப் இன்ஜின் மேலயே உட்காந்திருக்கும், பெட்ரோல உறிஞ்சித்தான் இழுக்கணும், உறிஞ்சுற பக்கம் பிரஷர் கம்மி, அங்க பெட்ரோல் ஆவியாச்சுன்னா பம்ப் வெறும் காத்த இழுக்கும். ஈரத்துணி அதுக்கு நல்ல வைத்தியம்தான், மவுண்ட் ரோட்ல பானெட்ட தூக்கி வெச்சு துணிய நனைச்சுக்கிட்டு நின்ன டாக்ஸிக்காரங்கள நானே சின்ன வயசுல பாத்திருக்கேன்.

இன்ஜெக்‌ஷன் வண்டில பம்ப் டேங்க் உள்ளேயே இருக்கு, உறிஞ்சாம தள்ளுது. லைன்ல பொதுவா 2.5ல இருந்து 3 பார் வரைக்கும் பிரஷர் இருக்கும். சாதாரணமா பெட்ரோல்ல இருக்கிற லேசான சரக்கு 35, 40 டிகிரியிலேயே கொதிக்க ஆரம்பிச்சிடும், ஆனா குக்கர்ல தண்ணி 100 டிகிரி தாண்டியும் கொதிக்காம இருக்கிற மாதிரி பிரஷர்ல அடைச்சு வெச்சா அது தாங்கும். வண்டி ஆஃப் ஆன பிறகும் அந்த பிரஷர் லைன்ல நிக்கணும், டிசைனே அப்படித்தான். அது எங்கயாச்சும் லீக் ஆச்சுன்னா ரெயில்ல பெட்ரோல் கொதிச்சு ஆவியாகி இன்ஜெக்டர் திறந்தா புஸ்ஸுனு ஆவிதான் வரும். ஆக வேப்பர் லாக் வருதுன்னா அது வெயிலோட தப்பு இல்ல, எங்கயோ பிரஷர் ஒழுகுது. அதுவும் ஒரு காரணம்தான், எல்லாருக்கும் அதுவே இல்ல.

மெக்கானிக் வர்றதுக்குள்ள வண்டி ஆறிடுது, அவர் சாவி போட்டா உடனே பிடிக்குது, என்னைப் பாத்து சிரிக்கிறாரு. என்ன பண்றது?

இந்தப் பக்கத்தையே இந்த ஒரு கேள்விக்காகத்தான் எழுதுறேன்னு வெச்சுக்கோங்க. இந்த வியாதி டாக்டர் வர்றதுக்குள்ள காய்ச்சல் இறங்குற மாதிரி. ஷெட்ல போய் நின்னா எல்லாம் நார்மல், அவர் என்ன பண்ணுவாரு, ப்ளக் மாத்துவாரு, ஃபில்டர் மாத்துவாரு, அப்புறம் காயில், அப்புறம் பம்ப், அப்புறம் பேட்டரி. எனக்கு எல்லாம் மாத்தினாங்க. மூணு ஷெட்டு. யாரும் ஏமாத்தல, ஆறின வண்டில சூட்டு வியாதிய தேடினாங்க, அவ்ளோதான்.

அதனால பிடிக்காம நிக்கிற அந்த நேரத்துல நீங்கதான் பாக்கணும். பின்னாடி ஆட்டோக்காரர் ஹாரன் அடிப்பாரு, பரவால்ல, ஹஸார்ட் லைட்ட போட்டுட்டு ரெண்டு நிமிஷம் நிதானமா கவனிங்க. முதல்ல செல்ஃப் எப்படி சுத்துது, எப்பவும் போல வேகமாவா, இல்ல முக்கி முனகியா? சுத்தும்போது ஆர்.பி.எம் முள் லேசாவாவது ஆடுதா, இல்ல பூஜ்யத்துலயே செத்துக் கிடக்கா? சாவிய ஆன் பண்ணதும் பின் சீட் பக்கம் இருந்து ரெண்டு மூணு செகண்ட் 'ஙொய்ங்'னு பம்ப் சத்தம் வருதா (டிராஃபிக்ல காதுக்கு எட்டாது, யாரையாச்சும் பெட்ரோல் மூடிய திறந்து காத வெச்சுக் கேக்கச் சொல்லுங்க)? செக் இன்ஜின் லைட் சாவி ஆன் பண்ணதும் எரியுதா? சைலன்சர் பக்கம் பச்சை பெட்ரோல் வாசனை வருதா இல்லையா? கடைசியா பிடிச்சப்போ எப்படிப் பிடிச்சுது, கறுப்பா புகை தள்ளிக்கிட்டா, இல்ல பத்து செகண்ட் மிஸ்ஸிங் அடிச்சு அப்புறம் சரியாச்சா, இல்ல ஒண்ணுமே நடக்காத மாதிரி சுத்தமா ஓடுச்சா?

போன்ல வீடியோ எடுத்து வெச்சுக்கோங்க, டேஷ்போர்டு தெரியணும், சத்தம் கேக்கணும். இதுக்கு பதில் தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது, கீழ இருக்கிற கேள்விங்க எல்லாமே இதோட கிளைதான்.

சூடா இருந்தா செல்ஃபே சுத்தல, 'டக்'னு ஒரு சத்தம் மட்டும் வருது.

அப்ப உங்களுக்கு பெட்ரோல் பிரச்சனையே இல்ல, பம்ப்ப விட்டுடுங்க. செல்ஃப் மோட்டார் நிறைய வண்டில சைலன்சர் மேனிஃபோல்டுக்குப் பக்கத்துலயே இருக்கும், நல்லா வேகும். தாமிரக் கம்பிக்கு ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் ரெசிஸ்டன்ஸ் கிட்டத்தட்ட 0.4 சதவீதம் ஏறும், அதாவது 60 டிகிரி ஜாஸ்தி சூடானா கால் பங்கு கூடிடும். நல்ல பேட்டரி, நல்ல ஒயர் இருந்தா இத தாங்கிக்கும், ஏற்கனவே எர்த் ஒயர் துரு பிடிச்சிருந்தா தாங்காது. பெசன்ட் நகர், திருவான்மியூர், ஈ.சி.ஆர் பக்கம் இருக்கிறவங்க முதல்ல எர்த்தப் பாருங்க, உப்புக் காத்துல டெர்மினல் பச்சை பூத்துப் போயிருக்கும்.

மல்டிமீட்டர் இருந்தா ஒருத்தர் செல்ஃப் அடிக்கும்போதே பேட்டரி மைனஸ்ல ஒரு முனை, இன்ஜின் இரும்புல ஒரு முனை வெச்சுப் பாருங்க, 0.3 வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் போச்சு. பிளஸ் பக்கமும் அதே மாதிரி, பேட்டரி பிளஸ்க்கும் செல்ஃப் போல்ட்டுக்கும் நடுவுல அரை வோல்ட்டுக்குள்ள இருக்கணும். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியே 9.6 வோல்ட்டுக்குக் கீழ விழுந்தா பேட்டரிதான். இதெல்லாம் சரியா இருந்து இன்னும் 'டக்'தான்னா சொலினாய்டு (செல்ஃப் மோட்டாருக்கு கரண்ட் விடுற சுவிட்ச்) இல்லன்னா கார்பன் பிரஷ், ஆட்டோ எலக்ட்ரீஷியன்கிட்ட கழட்டிக் குடுத்தா பாத்துக் குடுப்பாரு.

யாரோ சொன்னாங்கன்னு சாவிய மூணு தடவ ஆன் ஆஃப் பண்ணிட்டு அடிச்சேன், உடனே பிடிச்சுது! இப்ப சரியாயிடுச்சா?

சரியாகல, ஆனா நோய் என்னன்னு வண்டியே சொல்லிடுச்சு. ஒவ்வொரு தடவ ஆன் பண்ணும்போதும் பம்ப் ரெண்டு மூணு செகண்ட் ஓடி பிரஷர் ஏத்தும். மூணு தடவ பண்ணா ரெயில்ல இருந்த ஆவிய எல்லாம் அமுக்கித் தள்ளிட்டு திரும்ப பெட்ரோல் நிரம்பிடும். ஆக உங்க லைன்ல பிரஷர் நிக்கல. ஒழுகக்கூடிய இடம் மூணே மூணு: டேங்க் உள்ள பம்ப்போட ஒட்டி இருக்கிற செக் வால்வு (பெட்ரோல் திரும்பிப் போகாம தடுக்கிறது), பிரஷர் ரெகுலேட்டர் (பிரஷர ஒரே அளவுல வெக்கிறது), இன்ஜெக்டர்.

கேஜ் போட்டுத்தான் பாக்கணும், வேற வழியில்ல. ரெயில்ல கேஜ மாட்டி, வண்டிய நல்லா ஓட்டிட்டு வந்து ஆஃப் பண்ணிட்டு முள்ளப் பாத்துக்கிட்டு உக்காருங்க. நல்ல வண்டில சூடு ஏற ஏற முதல்ல பிரஷர் கொஞ்சம் ஏறக்கூட செய்யும், அப்புறம் மெதுவா இறங்கும், 20 நிமிஷம் கழிச்சும் பாதிக்கு மேல நிக்கணும் (சரியான அளவு உங்க வண்டியோட சர்வீஸ் புக்ல இருக்கும்). ரெண்டு நிமிஷத்துல பூஜ்யம்னா லீக். திரும்ப பிரஷர் ஏத்திட்டு டேங்க்குக்கு திரும்பிப் போற ரிட்டர்ன் ஹோஸ அமுக்கிப் பிடிங்க, இப்ப நின்னா ரெகுலேட்டர். நிக்கலன்னா மறுபடி ஏத்திட்டு பம்ப்ல இருந்து வர்ற ஹோஸ அமுக்குங்க, இப்ப நின்னா செக் வால்வு. ரெண்டையும் அமுக்கியும் இறங்குதுன்னா இன்ஜெக்டர். ஒரு விஷயம், 20 வருஷ ரப்பர் ஹோஸ் அப்பளம் மாதிரி ஆகியிருக்கும், கட்டிங் பிளேயர் போட்டு அமுக்கினா உடைஞ்சிடும், சூடான மேனிஃபோல்டு மேல பெட்ரோல் பீச்சினா என்ன ஆகும்னு நான் சொல்ல வேணாம். புது ஹோஸ் துண்டு போட்டுட்டு அமுக்குங்க, பக்கத்துல தீயணைப்பு சிலிண்டர் இல்லாம இந்த வேலைல இறங்காதீங்க, இது வீட்டு வாசல்ல தனியா பண்ற வேலை இல்லன்னுதான் நான் சொல்லுவேன்.

வண்டில ரிட்டர்ன் லைனே இல்லன்னா ரெகுலேட்டர் டேங்க் உள்ளேயே இருக்குன்னு அர்த்தம், அப்ப பம்ப் ஹோஸ அமுக்கினா இது ரெண்டுல எதுன்னு பிரிச்சு சொல்லாது, எப்படியும் ரெண்டும் ஒரே யூனிட்தான்.

எனக்கு பிடிக்கும்போது கறுப்பு புகை, பெட்ரோல் நாத்தம். பம்ப் வீக்கா?

நேர் எதிர். பெட்ரோல் ஜாஸ்தி, ஓவர்ஃப்ளோ. அடுத்த தடவ பிடிக்காதப்போ ஆக்ஸிலேட்டர தரையோட அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு செல்ஃப் அடிங்க. நிறைய இன்ஜெக்‌ஷன் வண்டில ஃபுல் த்ராட்டில்ல செல்ஃப் அடிச்சா ஈ.சி.யு (இன்ஜினோட கம்ப்யூட்டர்) 'ஓ, ஓவர்ஃப்ளோ போல'ன்னு புரிஞ்சுக்கிட்டு இன்ஜெக்டர நிறுத்திடும், வெறும் காத்து உள்ள போய் ஈரம் காயும், அஞ்சாறு செகண்ட்ல பிடிக்கும். பிடிச்சதும் கால எடுத்துடுங்க, இல்லன்னா வண்டி கத்தும்.

இப்படிப் பண்ணா பிடிக்குதுன்னா பெட்ரோல் எங்க இருந்து ஜாஸ்தி வருதுன்னு தேடணும். இன்ஜெக்டர் சொட்டலாம். ரெகுலேட்டர் மேல ஒரு சின்ன வாக்குவம் ட்யூப் போகும், அத பிடுங்கி மோந்து பாருங்க, உள்ள பெட்ரோல் ஈரம் இருந்தா ரெகுலேட்டர் உள்ள இருக்கிற ரப்பர் சவ்வு, டயாஃப்ரம், கிழிஞ்சு பெட்ரோல் நேரா இன்ஜின் காத்து இழுக்கிற மேனிஃபோல்டுக்குள்ள போகுது, காசே செலவில்லாத டெஸ்ட், முதல்ல இதப் பண்ணுங்க. பெட்ரோல் ரொப்பின உடனே மட்டும் பங்க்லயே படுத்துதுன்னா சார்க்கோல் கேனிஸ்டர் (டேங்க் ஆவிய பிடிச்சு வெக்கிற கரி டப்பா) பர்ஜ் வால்வ சந்தேகப்படுங்க, அது திறந்தே மாட்டிக்கிச்சுன்னா டேங்க் ஆவி எல்லாம் இன்ஜினுக்குள்ள போயிடும். இதுக்கும் மேல இருக்கிற பெரிய காரணம் கூலண்ட் சென்சார், அதாவது இன்ஜின் தண்ணி எவ்ளோ சூடுன்னு ஈ.சி.யுவுக்கு சொல்றது, அது அடுத்த கேள்வில.

டெம்பரேச்சர் முள் கரெக்டா நடுவுல நிக்குது, அப்புறம் ஏன் கூலண்ட் சென்சார பாக்கச் சொல்றீங்க?

ஏன்னா நிறைய பழைய வண்டில ரெண்டு சென்சார் இருக்கும். ஒத்த ஒயர் போறது டேஷ்போர்டு முள்ளுக்கு, ரெண்டு ஒயர் போறது ஈ.சி.யுவுக்கு. முள் நல்லா இருக்குங்கிறதுக்காக ஈ.சி.யுவுக்கு சரியா தகவல் போகுதுன்னு அர்த்தம் இல்ல.

இந்த சென்சார் சூடாக ஆக ரெசிஸ்டன்ஸ் குறையிற டைப். 20 டிகிரில சுமார் 2,400 ஓம், 80 டிகிரில சுமார் 300 ஓம், பல வண்டிக்கு கிட்டத்தட்ட இதுதான். இப்ப யோசிங்க, இன்ஜின் 85 டிகிரில கொதிச்சுக்கிட்டு இருக்கு, ஆனா ஈ.சி.யுவுக்கு 2,000 ஓம்னு தெரியுது, அது என்ன நெனைக்கும்? 'ஐயோ, குளிர்ல நிக்கிறாரு, நிறைய பெட்ரோல் குடுப்போம்'னு அள்ளி ஊத்தும். காலைல நிஜமாவே ஆறியிருக்கும்போது இது பொய் இல்லன்றதால வண்டி சூப்பரா பிடிக்கும்.

என் வண்டி கதை இதுதான். வண்டி சூடா இருக்கும்போது சென்சார் பிளக்க கழட்டி மீட்டர்ல பாத்த மெக்கானிக் நல்லா இருக்குன்னாரு, அவர் சொன்னது நிஜம், சென்சார் முனைல 310 ஓம். ஆனா ஒரு ஞாயித்துக்கிழமை அதே சூட்டோட பேட்டரிய கழட்டிட்டு ஈ.சி.யு பிளக்க பிடுங்கி அந்தப் பக்கம் இருந்து அதே ரெண்டு ஒயர்ல அளந்தேன், 1,900 சொச்சம். சென்சாருக்கும் ஈ.சி.யுவுக்கும் நடுவுல 1,600 ஓம் எங்க இருந்து வந்துச்சு? கனெக்டர் உள்ள பச்சையா களிம்பு. 2015 டிசம்பர் வெள்ளத்துல பம்பர் வரைக்கும் தண்ணில நின்ன வண்டி அது, அன்னிக்கு தண்ணி உள்ள போயிருக்கு, வருஷக்கணக்கா மெதுவா அரிச்சிருக்கு. இதுல ஒரு குரூரமான விஷயம் பாருங்க, இந்த மாதிரி சென்சார்ல கனெக்டர் அரிச்சு ரெசிஸ்டன்ஸ் ஏறுச்சுன்னா 'குளிர்'னுதான் பொய் சொல்லும், 'சூடு'ன்னு சொல்லாது. கனெக்டர் மாத்தினேன், கறுப்பு புகை அன்னியோட நின்னுச்சு. மிச்சாங் புயல், 2015 வெள்ளம் ரெண்டுல எதுலயாச்சும் நனைஞ்ச வண்டி வெச்சிருக்கவங்க பார்ட்ட மாத்துறதுக்கு முன்னாடி கனெக்டர பிடுங்கி உள்ள பாருங்க.

ஆனா புகை நின்னாலும் வண்டி சூட்டுல லேட்டாத்தான் பிடிச்சுது. ஏன்னா நடுவுல மாத்தின பம்ப் டூப்ளிகேட், அதோட செக் வால்வு ஒழுகுது! முதல்ல இருந்த வியாதி ஒண்ணு, வைத்தியம் பாத்து வந்த வியாதி இன்னொண்ணு, ரெண்டும் 'சூட்ல பிடிக்கல'ன்னு ஒரே மாதிரி தெரிஞ்சுது. பம்ப் மாத்தின அப்புறம் பெட்ரோல் வாசனை இல்லாம கூட சில நாள் படுத்தினத நான் அப்பவே கவனிச்சிருக்கணும்.

ஓடிக்கிட்டு இருக்கும்போதே சிக்னல்ல ஆஃப் ஆகுது, அப்புறம் 40 நிமிஷம் பிடிக்காது.

ஆர்.பி.எம் முள் செல்ஃப் அடிக்கும்போது ஆடவே இல்லன்னா கிராங்க் சென்சார். உள்ள தலைமுடி மாதிரி கம்பி சுத்தியிருக்கும், சூட்டுல விரிஞ்சு எங்கயோ விட்டுப் போகும், ஆறினா ஒட்டிக்கும். அது இல்லாம ஈ.சி.யுவுக்கு இன்ஜின் சுத்துறதே தெரியாது, அதனால ஸ்பார்க்கும் குடுக்காது பெட்ரோலும் குடுக்காது, பம்ப்பையும் நிறுத்திடும். சூட்டுலயே மீட்டர் வெச்சுப் பாருங்க, ரெண்டு ஒயர் டைப்ல பொதுவா சில நூறுல இருந்து ஆயிரம் சொச்சம் ஓம் காட்டும், முடிவில்லாம காட்டினா போச்சு. மீட்டர் இல்லன்னா கை எட்டுற இடத்துல இருந்தா அது மேல ஈரத்துணி வெச்சு ரெண்டு நிமிஷம் ஆத்திட்டு அடிச்சுப் பாருங்க, பிடிச்சா சந்தேகமே இல்ல. டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு ப்ளக்குக்கும் ஸ்பார்க்க பிரிச்சு அனுப்புறது) இருக்கிற வண்டில இந்த சென்சார், இக்னைட்டர் (காயிலுக்கு கரண்ட ஆன் ஆஃப் பண்றது) ரெண்டும் அதுக்குள்ளேயே இருக்கலாம்.

முள் ஆடுது, பம்ப் சத்தமும் இருக்கு, ஆனா ஸ்பார்க் இல்லன்னா காயில் இல்லன்னா இக்னைட்டர். இக்னைட்டருக்கு அடில வெள்ளையா ஒரு பேஸ்ட் இருக்கணும், சூட்ட இரும்புக்குக் கடத்துறதுக்கு, முன்னாடி யாரோ கழட்டி மாட்டினப்போ துடைச்சுப் போட்டிருப்பாங்க.

வெயில்ல நிறுத்தினாதான் பிடிக்கல, நிழல்ல நிறுத்தினா பிடிக்குது. இன்ஜின் சூட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல போல.

அட, நல்லா கவனிச்சிருக்கீங்க. டேஷ்போர்டுக்கு அடில இருக்கிற மெயின் ரிலேய பாருங்க. கேபின் சூடாகி ரிலே உள்ள சால்டர்ல முடி மாதிரி விரிசல் விரியும், பம்ப்புக்கு கரண்ட் போகாது. 1990கள்ல வந்த ஹோண்டாக்கள்ல இது உலகம் பூரா தெரிஞ்ச கதை. கண்ணாடி எல்லாம் இறக்கிவிட்டு பத்து நிமிஷம் காத்து விட்டா பிடிக்கும். ரிச்சி ஸ்ட்ரீட்ல போன் சால்டர் பண்ற பையன்கிட்ட குடுத்தா பத்து நிமிஷத்துல ஒத்தி குடுத்துடுவான்.

லேசா ரேஸ் குடுத்தா பிடிக்குது, கால எடுத்தா ஆஃப்.

ஐடில் வால்வு, அதாவது ஆக்ஸிலேட்டர மிதிக்காதப்போ இன்ஜினுக்கு காத்து விடுறது, கார்பன் அடைச்சிருக்கு. த்ராட்டில் பாடியோட சேத்து கிளீன் பண்ணுங்க, அவ்ளோதான்.

ஸ்கேனர் போட்டாச்சு, கோளாறு என்னன்னு சொல்ற ஃபால்ட் கோடு (code) ஒண்ணும் வரல.

வராது. ஓ.பி.டி (வண்டியே தன் கோளாற கண்டுபிடிச்சு சொல்ற சிஸ்டம்) இங்க கட்டாயமானதே 2010ல பி.எஸ்.4 புகை விதி கூட தான், அதுக்கு முந்தின வண்டில கம்பெனிக்கு ஒரு பாஷை, ஆன்லைன்ல வாங்குற சின்ன ப்ளூடூத் சாமான் பேசவே பேசாது. நிறைய வண்டில ரெண்டு பின்ன ஷார்ட் பண்ணா செக் லைட் கண்ண சிமிட்டி கோடு சொல்லும், அது ஒயர் அறுந்தாதான் சொல்லும். என் கேஸ் மாதிரி 1,900 ஓம்னா ஈ.சி.யுவப் பொறுத்தவரை அது ஒரு நம்பத்தகுந்த குளிர்கால காலைப்பொழுது, கோடு ஏன் போடணும்? பிரஷர் ஒழுகினாலும் கோடு வராது. பேசுற ஸ்கேனர் கிடைச்சா கோடுக்கு பதிலா லைவ் டேட்டால கூலண்ட் எத்தனை டிகிரின்னு மட்டும் சூட்டோட பாருங்க.

இ-20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலாலதான் இதெல்லாம்னு எங்க ட்ரைவர் சொல்றாரு.

எல்லா பழியையும் அது மேல போட மாட்டேன், ஏன்னா என் பிரச்சனை அதுக்கு முன்னாடியே வந்தது. ஆனா எத்தனால் 78 டிகிரில கொதிக்கும், பெட்ரோலோட கலந்தா லேசான சரக்கு இன்னும் சீக்கிரம் ஆவியாகுற பக்கம் தள்ளும், அதனால ஏற்கனவே பிரஷர் ஒழுகுற வண்டில அது கொஞ்சம் தூக்கலா தெரியலாம். என் கவலை வேற, 2000 வாக்குல வந்த வண்டிகளோட ரப்பர் ஹோஸ், ஓ-ரிங் எல்லாம் இதுக்குன்னு செஞ்சது இல்ல. இன்ஜெக்டர் ஓ-ரிங்கும் பெட்ரோல் ஹோஸும் புதுசா மாத்திடுங்க, பெரிய செலவில்ல. டேங்க்ல கால் பங்குக்குக் கீழ போக விடாதீங்க, பம்ப்ப ஆத்துறதே அந்த பெட்ரோல்தான்.

கேஸ் கிட் போட்ட வண்டி. கேஸ்ல ஓட்டிட்டு பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணா படுத்துது.

நம்ம ஊர்ல எல்.பி.ஜி போட்ட பழைய சான்ட்ரோ, ஜென் எல்லாம் இந்தக் கூட்டம்தான். மாசக்கணக்கா பெட்ரோல் பக்கமே போகாம ஓட்டினா இன்ஜெக்டர் உள்ள பசை மாதிரி படிஞ்சு ஒண்ணு அடைக்கும் இல்ல ஒழுகும், நூறு ரூபாய்க்கு மட்டும் பெட்ரோல் போட்டு வெச்சா பம்ப் காஞ்சு சாகும். வாரத்துல ஒரு நாள் பெட்ரோல்ல ஓட்டுங்க. கிட் ஒயரிங்ல போட்ட டேப் ஜாயிண்ட்டுகளையும் பாருங்க, எங்க எல்லாம் வெட்டி ஒட்டியிருக்காங்கன்னு பாத்தா பயமா இருக்கும்.

எங்க மாமாகிட்ட எண்பதுகள்ல இறக்குமதி பண்ண பென்ஸ் இருக்கு, அதுல ஈ.சி.யு சென்சார்னு ஒண்ணையும் காணோம்.

கே-ஜெட்ரானிக்கா இருக்கும், போஷ் கம்பெனி எழுபதுகள்ல கொண்டு வந்தது, எலக்ட்ரானிக் இல்லாம பிரஷர் வெச்சே ஓடுற சிஸ்டம். இதுல பிரஷர் 5 பார் பக்கம், இன்ஜெக்டர் ஓடுற வரைக்கும் நிறுத்தாம பீச்சும். சூட்டுல பிடிக்கலன்னா முதல் குற்றவாளி அக்குமுலேட்டர், பம்ப்புக்குப் பக்கத்துல உருண்டையா ஒரு டப்பா, ஆஃப் பண்ண பிறகு பிரஷர பிடிச்சு வெக்கிறதுதான் அதோட வேலை, உள்ள டயாஃப்ரம் கிழிஞ்சா வேலை முடிஞ்சுது. அதுக்கு அடுத்து பம்ப் செக் வால்வு. கோல்டு ஸ்டார்ட் வால்வு (ஆறின இன்ஜின் ஸ்டார்ட் ஆக மட்டும் கூடுதலா பெட்ரோல் பீச்சுறது) சொட்டினா ஓவர்ஃப்ளோ ஆகும். மேல சொன்ன கேஜ் வைத்தியம் இதுக்கும்தான், ஆனா அளவுகள் வேற, அந்த சிஸ்டம் தெரிஞ்ச ஆள்கிட்டயே போங்க.

அவசரத்துக்கு இன்ஜின் மேல தண்ணி ஊத்தலாமா?

கூடாது. சூடான மேனிஃபோல்டுல பச்சைத் தண்ணி பட்டா விரிசல் விடும், கனெக்டருக்குள்ள போனா என் கதைதான். ஃபியூல் ரெயில் மேல பிழிஞ்ச ஈரத்துணி, பானெட்ட திறந்து வெச்சு கால் மணி நேரம், அது போதும்.

புதுப்பேட்டைல பழைய பார்ட் வாங்கலாமா?

ரெகுலேட்டர், த்ராட்டில் பாடி, ஈ.சி.யு கனெக்டர் ஒயரோட வெட்டினது, இதெல்லாம் தாராளமா வாங்கலாம், நான் கனெக்டர் அங்கதான் வாங்கினேன். பம்ப், கிராங்க் சென்சார், காயில் வாங்காதீங்க. சூட்டுல கெடுற பொருள ஆறின நிலைல டெஸ்ட் பண்ணி வாங்குறதுல அர்த்தமே இல்ல. ஜி.பி ரோட்டுல புதுசு வாங்குங்க, வாங்கும்போது ஒரிஜினலான்னு நாலு தடவ கேளுங்க, என் பம்ப் ஞாபகம் இருக்கட்டும்.

கடைசியா, மெக்கானிக்கிட்ட என்ன சொல்லி விடுறது?

'ஸ்டார்டிங் ட்ரபுள்'னு மட்டும் சொல்லாதீங்க, சொன்னா ப்ளக்தான் மாறும். 'அண்ணே, ஓட்டிட்டு நிறுத்தினா 25 நிமிஷம் கழிச்சுதான் படுத்துது, செல்ஃப் நல்லா சுத்துது, முள் ஆடுது, பெட்ரோல் வாசனை இல்ல, சாவி மூணு தடவ போட்டா பிடிக்குது, வீடியோ இருக்கு பாருங்க'ன்னு சொல்லுங்க, ஆள் நிமிர்ந்து உக்காருவாரு. வண்டிய காலைல போற வழில விட்டுட்டுப் போகாதீங்க. மத்தியானம் ரெண்டு மணிக்கு ஜி.எஸ்.டி ரோட்டுல பெருங்களத்தூர் வரைக்கும் ஒரு ஓட்டு ஓட்டிட்டு நேரா ஷெட்டுக்கு வந்து, பானெட்ட திறக்காம வாசல்ல நிறுத்திட்டு, ரெண்டு பேரும் டீ குடிச்சிட்டு வந்து, சாவிய அவர் கைல குடுங்க.